கொல்லையில் தைம் படருமா?

ஒரே வீடியோவை இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். கல் பதித்த நடைபாதை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஜமுக்காளம் விரித்ததுபோல ஊதாப் பூவோடு தைம் செடி, அதன்மேல் ஒரு வெள்ளைக்கார அம்மா செருப்பில்லாமல் நடந்து போகிறார். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரு தடவை நட்டால் போதும் என்று கீழே எழுத்து ஓடுகிறது. மூன்று பேரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். நம்ம காரைக்குடிப் பக்கம் இது வருமா?

நட்டுப் பார்த்து முக்கால்வாசியைப் பறிகொடுத்தவன் என்கிற தகுதியில் பதில் சொல்கிறேன். தொட்டியில் வரும். தரையில், அந்த வீடியோவில் இருப்பதுபோல, வராது. மண் தெரியாமல் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் பச்சை விரிப்புதான் வேண்டும் என்றால் அதற்கு நம் ஊரிலேயே செடி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தத் தைம் என்ன செடி என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது ஏன் இங்கே திணறுகிறது என்று புரிந்துவிட்டால் எந்தச் செடியை எங்கே வைக்கலாம் என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

தைம் நம் துளசிக் குடும்பத்துச் செடி. பீட்சா கடையில் தூவும் காய்ந்த இலைகளில் அதுவும் ஒன்று, ஆனால் சமையலுக்கு அதிகம் பயன்படுவது முக்கால் அடி, ஒரு அடி உயரத்துக்கு நிமிர்ந்து வளரும் வகை. தரையில் படர்வது அதன் தங்கச்சி மாதிரி இன்னொரு இனம், தாவரவியலில் தைமஸ் செர்பில்லம் என்பார்கள். ஐரோப்பாவில் மணல் பாங்கான மேடுகளிலும் கல் நிறைந்த புல்வெளிகளிலும் தானாக முளைத்துக் கிடப்பது. உயரம் நாலு விரல் அகலம், மிஞ்சினால் 10 சென்டிமீட்டர். ஒரு செடி பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை அடி வரை பரவும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும், அதாவது தன்னைத்தானே பதியம் போட்டுக்கொண்டே நகரும். இலை பொடிப்பொடியாக இருக்கும். கசக்கி முகர்ந்தால் உங்களுக்கு உடனே ஓமம் ஞாபகம் வரும். அது மனப்பிரமை இல்லை. தைமால் என்கிற ஒரே பொருள் இரண்டிலும் இருக்கிறது, அந்தப் பெயரே தைம் செடியிலிருந்து வைத்ததுதான். ஓமவாட்டர் குடித்து வளர்ந்த யாருக்கும் தைம் அந்நிய வாசம் கிடையாது.

சரி, மண்ணை ஏன் மூட வேண்டும்? வெறும் மண் சும்மா இருக்காது. வெயில் நேரே அடிக்கும்போது மேல்மண் காய்ந்து, அதன் ஈரம் ஆவியாகி, அந்தச் சூடு சுவர் வழியாக வீட்டுக்குள்ளும் வரும். ஐப்பசியில் மழை அறையும்போது அதே வெறும் மண் கரைந்து ஓடும், சுவரில் ஒரு அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் கறை பிடிக்கும் (செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பின்சுவரைப் பார்த்தால் தெரியும், வெள்ளையடித்த மறு வருஷமே பழுப்பு). வெளிச்சம் படுகிற இடத்தில் களை விதை முளைக்கும். தரையோடு படரும் செடி ஒன்று இதையெல்லாம் ஒரே போர்வையில் தடுத்துவிடுகிறது. இலை நிழலில் மண் குளிர்ச்சியாக இருக்கும், மழைத்துளி நேரே மண்ணில் விழாது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் கிடைக்காமல் களை விதை உறங்கிப்போகும்.

இதற்கெல்லாம் மாற்றாக இப்போது எல்லாரும் செய்வது பேவர் பிளாக் போடுவது. நானும் போட்டேன். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழுகிற மழையைக் கூரைத் தகரக் குழாய் வழியாக அண்டாவில் பிடித்துப் புழங்கின வீட்டில், கொல்லை முழுக்கக் கட்டையைப் பதித்துவிட்டு, அந்த வருஷமே கிணற்றடியில் முழங்கால் தண்ணீர் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெயில் வந்ததும் அந்தக் கட்டைகள் தோசைக்கல். பாதியைப் பெயர்த்து எடுத்த பிறகுதான் இந்தச் செடித் தேடலே ஆரம்பித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வீடு முழுக்கப் பச்சை விரிப்பு என்பது நமக்கு ஒத்துவராத ஆசை. நம் ஆட்கள் வாசலையும் களத்தையும் செதுக்கிப் பெருக்கி வெறும் மண்ணாக வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது: பாம்பு, தேள் போனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வத்தலும் வடகமும் காய வேண்டும், காலையில் தெளித்துக் கோலம் போட வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். படரும் செடிக்கு உரிய இடம் வேறு: பின்பக்க நடைபாதைக் கல் இடுக்கு, மழைத் தாரை விழுந்து குழி பறிக்கிற ஓரம், சரிவு, தென்னை மாமரத்தடி, மதில் ஓரமாகப் பயன்படாமல் கிடக்கும் இரண்டடிப் பட்டை. பாம்பு வருமா என்று எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். நாலு விரல் உயரச் செடியில் பாம்பு மறைந்து படுப்பது கஷ்டம், ஆனால் அது கடந்து போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. நடைபாதையை ஒட்டி உயரமாக வளர விடாதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து அந்த "பராமரிப்பே வேண்டாம்" சமாச்சாரம். படரும் செடி எதுவானாலும் பராமரிப்பு குறையும் என்பது நிலம் முழுக்க மூடிய பிறகு நடக்கிற காரியம். மூடும் வரை, அதாவது முதல் சில மாதங்கள், தைமானால் முதல் வருஷம் முழுக்க, காய்கறித் தோட்டத்தைவிட அதிக வேலை. செடிகளுக்கு நடுவே இருக்கிற வெறும் இடத்தில் களை வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றையும் கையால்தான் பிடுங்க வேண்டும், மண்வெட்டி போட்டால் நட்டதும் சேர்ந்து வந்துவிடும். அதிலும் கோரை. கோரைக்கிழங்கு இருக்கிற மண்ணில் அப்படியே நடுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை, நான் செய்தேன். நடுவதற்கு முன்னால் இடத்தைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரை முளைக்க விட்டு, கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி தோண்டி, இப்படி மூன்று நாலு சுற்று போங்கள். ஒரு மாதம் ஒன்றரை மாதம் வீணாகிற மாதிரி இருக்கும். ஆகாது.

செடிக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். 10-க்கு 10 அடி இடத்தில் அடிக்கு ஒன்று வைத்தால் 100 செடி. சீக்கிரம் மூட வேண்டும் என்று ஒரு சாண் இடைவெளிக்கு வந்தால், ஒரு சாண் முக்கால் அடி என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 180 செடி. நர்சரியில் ஒரு தைம் நாற்று என்ன விலை சொல்கிறார்களோ அதை 180-ஆல் பெருக்கிப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும்.

தைமுக்குப் பிடித்ததைக் கேட்டால் அது நம்ம ஊர்ச் செடியோ என்று தோன்றும். சத்தில்லாத மண், தண்ணீர் தங்காத சரளை, நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், உரம் கூடவே கூடாது. செம்புறாங்கல் மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் நம் நிலத்தைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கும். நானும் அதை நம்பித்தான் ஒரு தை மாதத்தில் கொடைக்கானலிலிருந்து 12 நாற்று வாங்கி வந்தேன். தையில் தைம் நட்டேன் என்று வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

மாசி வரை பிரமாதம். பங்குனிக் கடைசியில் நடுப்பகுதி பழுப்பாக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை போல என்று கூடுதலாக ஊற்றினேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சித்திரை முடிவதற்குள் ஏழு செடி காலி. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. வைகாசியில் களை எடுக்க வந்த அண்ணன், நல்ல மனசோடு, மிச்சமிருந்த ஐந்தில் மூன்றைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டார். "என்னமோ ஓமம் மாதிரி வாசம் அடிச்சுச்சுங்க, ஆனா களைன்னுதான் நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, செடி அப்போது இருந்த கோலத்தில் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

ஏன் இப்படி? தைம் பிறந்து வளர்ந்த இடத்தில் பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி நன்றாகக் குளிரும். செடி பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்துகொள்கிறது, ராத்திரி மூச்சு விடும்போது அதில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும். நம் பக்கம் மே மாதத்தில் பகல் 38, 39 டிகிரி சாதாரணம், ராத்திரியிலும் 27-க்குக் கீழே இறங்க மனசு வராது. சம்பாத்தியம் குறைவு, செலவு கூடுதல். அந்த நிலைமையில் இருக்கிற செடிக்கு நாம் பாவம் பார்த்துத் தண்ணீரை ஊற்றினால், சூடும் ஈரமும் சேர்ந்து வேரழுகல் பூஞ்சைக்குத்தான் விருந்து. கோடையைத் தாண்டிவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. நமக்கு வருஷ மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றில், சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிற மழை. அடர்ந்து படர்ந்த செடியின் அடியில் அந்த ஈரம் நாள் கணக்கில் தங்கும், காற்று புகாது. "வறட்சியைத் தாங்கும்" என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது உண்மைதான், புழுக்கத்தைத் தாங்கும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. கொடைக்கானலும் ஊட்டியும் 2000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்கள், அங்கே தைம் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் காரைக்குடியில் எதிர்பார்த்தது என் பிழை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கை பார்க்கிறேன் என்பவர்களுக்கு, தொட்டியில் வளர்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். அகலமான, ஆழம் குறைந்த மண் தொட்டி, அடியில் ஓட்டை பெரிதாக. பாதி செம்மண், பாதி பருமணலும் சரளையும், மக்கிய எரு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். செம்புறாங்கல் மண்ணில் கொஞ்சம் புளிப்புத்தன்மை இருக்கும், தைமுக்குச் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்த மண் பிடிக்கும், அதனால் பழைய வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை கிடைத்தால் நொறுக்கி ஒரு கைப்பிடி கலந்துகொள்ளலாம், இடிந்த வளவுகளுக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே. சிமெண்ட் காரை வேண்டாம்.

விதையென்றால் மழை ஓய்ந்த மார்கழி, தை. விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, ஸ்பிரேயரில் பனி மாதிரி தெளித்தால் போதும். முளைக்க ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். நாற்று கிடைத்தால் அதுதான் மேல். ஒரு செடி பிழைத்துவிட்டால் அடுத்ததற்குக் காசு கொடுக்க வேண்டாம், படர்ந்த கிளை ஒன்றின்மேல் சின்னக் கல்லை வைத்து மண்ணோடு அழுத்திவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், வெட்டி எடுத்து வேறு தொட்டியில் வைக்கலாம். மேல்மண்ணில் விரலை விட்டு, முதல் கணு அளவுக்குக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பூத்து முடிந்ததும் நுனியில் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிடுங்கள், அடியில் கட்டை பாய்ந்த பழுப்புத் தண்டில் கத்தரி வைக்காதீர்கள், அங்கேயிருந்து துளிர்ப்பது அரிது. மூன்று நாலு வருஷத்தில் நடுவில் எப்படியும் கட்டை பாயும், அப்போது ஓரத்து இளங்கிளைகளைப் பிரித்து நட்டுக்கொள்ள வேண்டியதுதான். சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயில் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

ஆன்லைனில் விதை வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம். பளீரென்று நீல நிறத்தில், வானவில் நிறத்தில் பூத்துக் குலுங்குகிற தைம் படங்களைப் போட்டு விற்கிறார்கள். தைம் பூ இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை, சில ரகங்களில் கருஞ்சிவப்பு. அந்த மாதிரி நீலம் கிடையாது, படத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு பாக்கெட் வந்தது, முளைத்ததைப் பார்த்தால் தண்டங்கீரை ஜாடையில் ஏதோ ஒன்று.

இப்போது கொல்லைத் தரைக்கு வருவோம். நான் பேவர் பிளாக்கைப் பெயர்த்த இடத்தில் இன்று படர்ந்து கிடப்பது பொடுதலை. ஊருணிக் கரையிலும் வரப்பிலும் பார்த்திருப்பீர்கள், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் தேடிப் பறிக்கிற அதே மூலிகை. இலையின் மேல்பாதியில் மட்டும் ரம்பப் பல் மாதிரி வெட்டு இருக்கும், சின்னக் கொண்டை போன்ற தலையைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பூ வளையம் கட்டி நிற்கும். தைம் செய்கிற அத்தனையும் இது செய்கிறது: தரையோடு படர்கிறது, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது, நடந்தால் தாங்குகிறது, தேனீயும் பட்டாம்பூச்சியும் வருகின்றன. வாசம் மட்டும் இல்லை. கோடையில் தண்ணீரே விடாமல் போட்டால் கருகும், ஆனால் வேர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

நடுவதும் சுலபம். நல்ல மழைக்கு முன்னால், ஆவணி, புரட்டாசியில், ஒரு சாண் நீளத் தண்டுகளாக வெட்டி, படுக்கவைத்து, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி மூடி, இரண்டு வாரம் தினமும் தண்ணீர். அடிக்கு ஒரு தண்டு போதும், காசு கிடையாது. எனக்கு மார்கழிக்குள் மண் தெரியாமல் மூடிவிட்டது. பிறகு வேலை என்றால் ஓரம் கட்டுவதுதான். இதற்கு எல்லை தெரியாது, விட்டால் கீரைப் பாத்திக்குள் போய்விடும். பக்கவாட்டில் ஒரு வரிசை செங்கல்லை நட்டுவைத்து மாதம் ஒரு தடவை தாண்டி வந்ததை வெட்டிவிடுகிறேன். பூத்திருக்கும் சமயம் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள், தேனீ கொட்டும். தைமுக்கும் இதே எச்சரிக்கைதான், வீடியோவில் அந்த அம்மா சொல்லவில்லை.

நிழலும் ஈரமுமான இடம், குழாயடி மாதிரி, அங்கே வல்லாரை; பறித்துத் துவையலும் அரைக்கலாம். வெயிலில் கொதிக்கும் சுவரோரத்துக்குப் பத்து மணிப் பூ, ஆனால் அதை மிதிக்க முடியாது, தண்டு தண்ணீர் கோத்த தண்டு, நசுங்கிவிடும். தென்னந்தோப்பில் மஞ்சள் பூப் பூக்கும் படர் வேர்க்கடலை வைக்கிறார்கள், அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மண்ணுக்குக் கொண்டுவருகிற பயறு வகை, இடம் பெரிதாக இருந்தால் யோசிக்கலாம். அருகம்புல் வேண்டுமென்றால் வெட்ட ஆள் வையுங்கள். நர்சரியில் சும்மாவே தூக்கிக் கொடுக்கிற ஒன்று இருக்கிறது, பளபள இலையும் மஞ்சள் சாமந்தி மாதிரிப் பூவுமாக, வெடேலியா என்பார்கள். உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஓசியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

களையெடுப்பிலிருந்து தப்பிய அந்த இரண்டு தைம் செடியும் இப்போது ஒரே தொட்டியில், தாழ்வாரத்துத் திண்ணை ஓரம், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் இருக்கின்றன. விரிப்பு என்று சொல்லுமளவுக்கு இல்லை, ஒரு தோசை அகலம் படர்ந்திருக்கிறது. போகிற வருகிறவர்கள் ஒரு கிள்ளு கிள்ளி முகர்ந்துவிட்டு ஓமமா என்று கேட்கிறார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் தொட்டியை உள்ளே தூக்கி வைக்க வேண்டும், போன வருஷம் மறந்து ஒரு பக்கம் அழுகிவிட்டது.